தோட்டமும் முழங்காலும்

காலை வெயில் ஏறுமுன் கீரைப் பாத்தியிற் புல்லுப் பிடுங்கவும், பூசைக்குப் பூக் கொய்யவும், கத்தரிக்கன்றின் அடியைக் கொத்தி மண் அணைக்கவும் வளவுக்குள் இறங்கும் முதியோர் இல்லாத வீடுகள் யாழ்ப்பாணக் கிராமங்களில் மிகச் சிலவே. அன்றைய கறிக்கு வேண்டிய பிஞ்சைத் தம் கையாலே பறித்துக் கொடுப்பது அவர்களுக்கு ஒரு பெருமை. அப்படிப்பட்ட ஆச்சி ஒருவர் பாத்தியை விட்டு எழும்போது ஒரு நாள் வரம்பிலே கையூன்றி, "முருகா" என்று சொல்லி, சிறிது நேரம் நின்று பின்னரே நடக்கிறார். சில மாதங்களில் நிலத்திலிருந்து உண்பதை விடுகிறார். அதன் பின்னர் கோயில் வீதியைச் சுற்றி வருவதையும் விடுகிறார். "வயசு போனால் முழங்கால் நோகத்தானே செய்யும்" என்று அவர் தம்மைத் தேற்றிக்கொள்ள, "இனித் தோட்டத்துப் பக்கம் போகவேண்டாம், ஆச்சி" என்று பிள்ளைகள் கட்டளையிடுகின்றனர்.

இவ்விரு கூற்றும் பொருந்தா என்பதே எமது துணிபு. முழங்கால் நோவுக்கு வயது ஒரு காரணமே, தனிக்காரணம் அன்று. தோட்ட வேலையோ பெரும்பாலும் குற்றமற்றது. குற்றம் இருப்பது வேலை செய்யும் நிலையிலும், அந்நிலையிலே இடைவிடாது கழிக்கும் நேரத்திலும், கையிற் பிடித்த கருவியின் காம்பிலுமேயாம். இவை மூன்றும் திருத்தக்கூடியவை. வயதை நாம் திருத்த இயலாது.

முழங்கால் நம் உடலிலுள்ள மூட்டுக்களுள் மிகப் பெரியது. மேலே தொடையென்பு, கீழே கணைக்காலின் உள்ளென்பு, முன்னே முழங்காற் சில்லு என மூன்று என்புகள் இங்கே கூடுகின்றன. கிணற்றிலே கயிறு கப்பியின் மேல் ஓடுவதால் நீர் அள்ளுவது எளிதாவதை யாவரும் அறிவர். முழங்காற் சில்லும் அத்தகையதொரு கப்பியே. தொடையின் முன்புறத்துப் பெருந்தசை அச்சில்லின் துணைகொண்டே காலை நீட்டுகின்றது. என்பும் என்பும் உராயாதபடி அவற்றின் முனைகளைக் கசியிழையம் என்னும் வழுவழுப்பான உறை மூடியிருக்கின்றது. தொடையென்புக்கும் உள்ளென்புக்கும் இடையே, அதிர்ச்சியைத் தாங்கும் பொருட்டுப் பிறை வடிவான இரண்டு மெத்தைகளும் உள.

கசியிழையத்துக்கு ஒரு விசித்திரமான இயல்பு உண்டு. அதனுள் இரத்தக்குழாய் இல்லை, நரம்பும் இல்லை. இரத்தம் செல்லாத இடத்துக்கு உணவு எங்ஙனம் செல்லும்? மூட்டினுள்ளே ஊறும் நீர்தான் அதற்கு உணவு. கடற்பஞ்சை அமுக்கினால் நீர் வெளியேறுகிறது, விட்டால் மறுபடியும் உறிஞ்சப்படுகிறது அல்லவா? அதுபோலவே நாம் நடக்குந்தோறும், காலை மடக்கி நீட்டுந்தோறும், கசியிழையம் பழைய நீரை விட்டுப் புதிய நீரை ஏற்கின்றது. ஆகவே அசையாத மூட்டு பட்டினி கிடக்கும் மூட்டாகும். "தோட்டத்துக்குப் போகவேண்டாம்" என்று கதிரையில் இருத்திவைக்கும் அன்பு முழங்காலுக்கு நன்மை செய்யாமைக்கு இதுவே காரணம். நரம்பு இல்லாமையால் நேரும் தீங்கு வேறொன்று. தேய்வு தொடங்கும் காலத்தில் அவ்வுறை நமக்கு யாதும் அறிவிப்பதில்லை. சுற்றியுள்ள பகுதிகள் நோகத் தொடங்கும்போது தேய்வு பல ஆண்டு வழி நடந்திருக்கும். எனவே முழங்காலைப் பேணுதல் எழுபது வயதினர்க்கு மாத்திரம் உரிய பாடமன்று. இருபத்தைந்து வயதினர்க்கும் உரியது.

இருபத்தைந்து என்று சொன்னது எழுந்தமானமாக அன்று. சீனத் தலைநகரான பீஜிங்கிலே அறுபது வயதுக்கு மேற்பட்டோரின் முழங்கால்களை எக்ஸ்கதிர்ப் படம் எடுத்து ஆராய்ந்தனர். இருபத்தைந்து வயதளவில் நாள்தோறும் எவ்வளவு நேரம் குந்தியிருந்தீர்கள் என்று அவர்களை வினாவினர். 2004 ஆம் ஆண்டில் வெளியான அவ்வாராய்ச்சியின்படி, நாளொன்றுக்கு அரை மணித்தியாலத்துக்குக் குறைவாகக் குந்தியிருந்தோரை விட, மூன்று மணித்தியாலமும் அதற்கு மேலும் குந்தியிருந்தோரிடையே மூட்டுத் தேய்வு காணப்படும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காயிருந்தது. ஒரு மணித்தியாலம் இரண்டு மணித்தியாலம் குந்தியிருந்தோரிடத்தில் அத்துணை வேறுபாடு காணப்படவில்லை. இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? குந்துதல் தானே தீதன்று. நெடுநேரம் குந்துதலே தீது. மேனாட்டார் பலர் ஐந்து நிமிடமும் குந்தமாட்டாது தவிக்க, எம்மவர் எண்பது வயதிலும் குந்தி எழுகின்றனர். அஃது இழக்கத் தகாத ஒரு செல்வம். ஆனால் செல்வத்தை ஒரே காலையில் முழுவதும் செலவிடலாகாது.

ஒருவர் முழுமையாகக் குந்தும்போது முழங்காற் சில்லு தொடையென்போடு அழுந்துகின்றது. அந்நிலையிலிருந்து எழும் கணத்திலே மூட்டின் மேல் ஏறும் பாரம் உடல் எடையிற் பல மடங்காகும். வெங்காயப் பாத்தியிற் பிடி பிடியாகப் புல்லுப் பிடுங்கி நகர்பவர் எழாமலே அரக்கி அரக்கிச் செல்வதைக் காண்கிறோம். எழுதல் நோவு தருவதால் அவர் எழுவதைத் தவிர்க்கிறார். எழுவதைத் தவிர்ப்பதால் மூட்டு மேலும் இறுகுகிறது.

நெடுநேரம் குந்துவோர்க்கு மூட்டுத் தேய்வன்றி வேறோர் இடரும் உண்டு. முழங்காலின் வெளிப்புறத்திற் சற்றுக் கீழே, சிறிய என்பொன்றின் கழுத்தைச் சுற்றி ஒரு நரம்பு தோலுக்கு மிக அண்மையிற் செல்கின்றது. மணிக்கணக்காக மடங்கிய காலில் அந்நரம்பு நசுங்கினால், எழுந்து நடக்கும்போது பாதத்தின் முற்பகுதியைத் தூக்க முடியாமற் போகும். செருப்பு நிலத்திலே இழுபடும். மேனாடுகளிலே ஸ்ரோபெரிப் பழம் பறிப்போரிடம் இது காணப்பட்டமையால், வைத்தியர்கள் அதற்குப் பழம் பறிப்போர் வாதம் என்றே பெயரிட்டனர். பெரும்பாலும் சில கிழமைகளிலோ மாதங்களிலோ குணமாகும். ஆயினும் கால் விறைத்த பின்னும் "இந்த ஒரு வரியை முடித்துவிடுவோம்" என்று இருப்பவர் இதை மனத்திற் கொள்ளல் வேண்டும். விறைப்பு என்பது நரம்பு விடுக்கும் முறைப்பாடு.

முழந்தாளிட்டு வேலை செய்வோர்க்கு வரும் நோய் வேறு. முழங்காற் சில்லுக்கும் தோலுக்கும் இடையிலே ஒரு சிறு பை உண்டு. தோல் சில்லின் மேல் வழுக்கி அசைய உதவுவதே அதன் தொழில். கடினமான தரையிலே நாள்தோறும் முழந்தாளிட்டால் அப்பையினுள் நீர் சேர்ந்து, எலுமிச்சம்பழமளவு வீக்கம் தோன்றும். தரை துடைக்கும் பெண்களிடம் இது மிகுதியாகக் காணப்பட்டமையால் ஆங்கில வைத்திய நூல்களில் இதற்குப் பணிப்பெண் முழங்கால் என்று பெயர். ஆங்கில இலக்கியம் படித்தோர்க்கு இப்பெயர் சிரிப்பையும் நினைவூட்டும். ஜெரோம் கே. ஜெரோம் 1889 இல் வெளியிட்ட படகுப் பயண நகைச்சுவை நூலிலே, வைத்திய நூலொன்றைப் புரட்டிப் பார்த்த கதைசொல்லி, உலகத்து நோய்கள் யாவும் தமக்கு உண்டென்றும், இந்தப் பணிப்பெண் முழங்கால் ஒன்று மட்டுமே இல்லையென்றும் கண்டு மனவருத்தம் அடைகின்றார். தோட்டம் செய்வோர்க்கு அவ்வருத்தம் வேண்டுவதில்லை, எளிதிற் பெறலாம். வலிகாமத்துச் செம்மண்ணிலே சுண்ணக்கற் துண்டுகள் விரவிக் கிடப்பதால் முழந்தாளிடுவோர் தோலிற் கீறல் விழும். அக்கீறல் வழியே கிருமி புகுந்தால் வீக்கம் சிவந்து கொதிக்கும். அப்போது எண்ணெய் தேய்த்து உருவுதல் பெருந்தீங்கு, வைத்தியரிடமே செல்லவேண்டும்.

முறுக்குதலால் வரும் தீங்கையும் ஈண்டுக் கூறல் வேண்டும். மரவள்ளியைப் பிடுங்கும்போது கால்களை ஊன்றி, முழங்காலை மடித்து, கிழங்கு விட்டுக்கொடுக்கும் கணத்தில் உடலை ஒருபுறம் திருப்புகிறோம். நீர் நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு பாதத்தை அசைக்காமலே இடுப்பைத் திருப்புவதும் இத்தகையதே. மடிந்த முழங்கால் பாரத்தோடு முறுகும்போது உள்ளிருக்கும் பிறை மெத்தை கிழிந்துவிடல் கூடும். மரவள்ளியைச் சுற்றியுள்ள மண்ணை முதலிலே தளர்த்திய பின் பிடுங்குக. திரும்பவேண்டுமாயின் பாதத்தைத் தூக்கி வைத்துத் திரும்புக. இவ்வளவே.

இனிக் கருவியைப் பற்றிச் சொல்லுவோம். இது பற்றி எம் நாட்டிலே போதிய சிந்தனை இல்லை.

திருக்கோயில்களிலே நால்வர் திருவுருவங்களைத் தரிசித்தோர், திருநாவுக்கரசு நாயனாரின் கையில் உழவாரப்படை இருப்பதை அறிவர். ஏழாம் நூற்றாண்டினரான அவர் கோயில் வீதிகளிலே புல்லுச் செருக்கித் திருத்தொண்டு செய்த கருவி அது. அவ்வுருவத்தை நன்றாக நோக்குங்கள். உழவாரத்தின் காம்பு அவர் தோளிலே சாய்ந்து நிற்கும் நீளமுடையது. இப்பொழுது நம் வீடுகளிற் புல்லுச் செருக்கும் உழவாரத்தை எடுத்துப் பாருங்கள். அதன் பிடி ஒரு சாணுக்கு மிஞ்சாது. குந்தியிருந்தாலன்றி அதனைக் கொண்டு ஒரு பிடி புல்லும் செருக்க முடியாது. கருவி எப்போது குறுகியது என்ற ஆராய்ச்சியை வரலாற்றாசிரியர்க்கு விடுவோம். அதனை மறுபடியும் நீட்டுவதற்கு ஒரு கொல்லரும் ஒரு மூங்கில் தடியும் போதும்.

அவ்வாறு நீட்டுங்கால் காம்பு, நேரே நிற்பவரின் தோளுயரத்துக்குக் குறையலாகாது. குறைந்தால் முழங்கால் தப்பினாலும் நாரி அகப்பட்டுக்கொள்ளும். அலகு தட்டையாகவும் கூராகவும் இருத்தல் வேண்டும். மழுங்கிய அலகைப் பலத்தால் தள்ளுவோர் கிழமைக்கொருமுறை அரத்தால் தீட்டுவோரை விட இரு மடங்கு களைப்படைவர். புல்லு முளைத்து இரண்டு மூன்று இலை விட்ட பருவத்தில், மண் உலர்ந்திருக்கும் காலையில், அலகை நிலத்தோடு படிய வைத்துத் தள்ளினால் வேர் அறுந்துபோகும். வெட்டுண்ட புல்லு வெயிலிலே கருகிவிடும். ஒரு சாண் உயரம் வளரவிட்டுப் பின்னர் போர் தொடுப்பவரே குந்தவேண்டியவராகிறார்.

"நின்றுகொண்டு செய்தால் வேலை சுத்தமாக அமையாது" என்று மூத்தோர் சிலர் மறுப்பர். இதே மறுப்புத்தான் நீண்ட தடியிற் கட்டிய ஈர்க்கு விளக்குமாறு வந்த காலத்திலும் கூறப்பட்டிருக்கும். குனிந்து கூட்டினாற்றான் முற்றம் துப்புரவாகும் என்று சொன்ன வீடுகளிலேயே இன்று நீண்ட விளக்குமாறு சுவரிற் சாய்ந்து நிற்கின்றது. முற்றத்துக்கு ஏற்ற நியாயம் பாத்திக்கு மட்டும் ஏலாதோ?

ஆனாலும் கன்றின் அடியை ஒட்டி நிற்கும் புல்லைக் கையாலேதான் பிடுங்கவேண்டும். வெங்காயம் நடுவதற்கும் கை நிலத்தைத் தொடவேண்டும். அங்கே நீண்ட காம்பு உதவாது, ஆசனமே உதவும். கொரிய நாட்டுக் கமக்காரப் பெண்கள் இதற்கு ஓர் அழகிய உபாயம் கண்டிருக்கின்றனர். தடித்த வட்டமான மெத்தை ஒன்றை இரண்டு வார்களால் தொடைகளோடு மாட்டிக்கொள்கின்றனர். எழுந்து நடந்தால் மெத்தையும் கூடவே போகும். இருந்தால் அதன்மேல் இருப்பர். பார்ப்பதற்கு நகைப்புக்குரியதாய்த் தோன்றலாம். ஆனால் கையிலே தூக்கித் திரியவேண்டிய ஆசனம் மூன்றாம் வரியிலே மறக்கப்பட்டுவிடும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருக்கின்றனர். ஒரு சாண் உயரமுள்ள ஆசனத்தில் இருப்பவரின் முழங்கால் முழுமையாக மடிவதில்லை. பாரத்தின் பெரும்பகுதியை ஆசனம் ஏற்றுக்கொள்கின்றது. முழந்தாளிட விரும்புவோர்க்குத் தென்னந்தும்பு அடைத்த சாக்கு ஒன்று போதும். மூன்று அங்குலக் கனம் இருந்தாற் கல் உறுத்தாது. மழை நாளில் அதன்மேல் ஒரு பிளாஸ்ரிக் பையைப் போர்த்திவிடலாம்.

மனிதன் நிலத்துக்கு இறங்குவதை விட நிலம் மனிதனிடத்துக்கு ஏறிவருவது இன்னும் நன்று. சீமெந்துக் கல்லையோ பழைய பனங்குற்றியையோ அடுக்கி இரண்டடி உயரத்திற் பாத்தி கட்டினால், அதன் விளிம்பில் இருந்துகொண்டே கீரை ஆயலாம். அகலம் நான்கடிக்கு மேற்படலாகாது. இரு புறமிருந்தும் கை நடுவை எட்டவேண்டும். சுவரோரமாயின் இரண்டடி போதும். இப்பாத்திக்கு ஒரு குறையும் உண்டு. நம் நாட்டு வரண்ட மாதங்களிலே அது நிலத்துப் பாத்தியை விட விரைவாகக் காய்ந்துவிடும். மேலே சருகு பரப்பி, நீரைச் சிறிது சிறிதாகப் பலமுறை விடல் வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையிலோ இதுவே நன்மையாக மாறும். நிலத்துப் பாத்தியில் நீர் தேங்கிக் கன்று அழுகுங்கால் உயர்ந்த பாத்தியிலே வடிந்துவிடும். இடம் குறைந்தவர்கள் வாங்கொன்றின் மேல் மண் நிரப்பிய பைகளை வரிசையாக வைத்து மிளகாயும் கத்தரியும் நடலாம். பாகலும் புடோலும் பயற்றையும் பந்தலிலும் கொப்பிலும் ஏறுவன. நின்று பறிக்கக்கூடிய காய்களை முதியோருக்கும், குந்திச் செய்யவேண்டிய பாத்திகளை இளையோருக்கும் பங்கிட்டுக் கொடுப்பது குடும்பத்துக்கு ஏற்ற ஒழுங்கு.

சருகைப் பற்றி மேலும் ஒரு வார்த்தை. முற்றத்தைக் கூட்டிச் சேர்த்த இலைகளை எரிப்பது நம்மவர்க்கு ஒரு வழக்கம். அவற்றையே கன்றுகளின் இடையே நான்கு அங்குலக் கனத்திற் பரப்பினால் வெளிச்சம் படாமையாற் புல்லு முளைப்பது குறையும். புல்லுக் குறைந்தால் குந்துதலும் குறையும். முழங்காலுக்கு இதைவிட மலிவான மருந்து கிடையாது. எஞ்சிய புல்லைப் பிடுங்குவதற்கு முதல் நாள் மாலையில் நீர் விட்டுவைத்தால் வேரோடு இலகுவாக வரும்.

நேரக் கணக்கு எளிது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழவேண்டும். வேலையை நிறுத்த வேண்டுவதில்லை, மாற்றினால் போதும். இருபது நிமிடம் புல்லுப் பிடுங்கியவர் அடுத்துச் சற்று நேரம் நின்று கொடி கட்டலாம்; பின்னர் நடந்து சென்று நீர் மாறலாம். எழும் முறையும் கவனிக்கத்தக்கது. இரு முழங்காலையும் ஒருங்கே உந்தி எழாமல், முதலில் ஒரு முழங்காலை நிலத்தில் ஊன்றி, மற்றக் காலின் பாதத்தை முன்னே முழுமையாகப் பதித்து, கையாற் கோலையோ மண்வெட்டிக் காம்பையோ பற்றிக்கொண்டு எழுந்தால் பாரம் மூன்றாகப் பங்கிடப்படும். நோவுள்ள காலைக் கீழே விட்டு, நல்ல காலை முன்னே வைத்தல் வேண்டும்.

முழங்காலைக் காப்பதில் தொடைத் தசைக்கு உள்ள பங்கு மிகப் பெரிது. தசை மெலிந்தால் அது தாங்கவேண்டிய பாரம் மூட்டுக்குச் செல்லும். கதிரையில் நிமிர்ந்திருந்து ஒரு காலை நேரே நீட்டி, ஐந்து எண்ணும் வரை அவ்வாறே நிறுத்தி, மெல்ல இறக்குக. காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும் செய்தல் போதும். கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழுந்து இருத்தலும் நல்ல பயிற்சியே. பிள்ளையார் சந்நிதியில் இடும் தோப்புக்கரணம் இத்தசைகளுக்கு ஏற்ற பயிற்சி என்பதில் ஐயமில்லை. பரீட்சைக் காலத்து மாணாக்கர் அதனை எவ்வளவும் செய்யலாம். முழங்கால் நோவுள்ள பெரியோர் அரைவாசி மடிந்து எழுந்தாற் போதும். விநாயகப் பெருமான் அளவுகோல் கொண்டு பார்ப்பவரல்லர்.

உடல் எடையையும் மறைக்காமற் பேசவேண்டும். பருத்த உடலும் மூட்டுத் தேய்வும் உடைய முதியோரைக் கொண்டு அமெரிக்காவிலே செய்து 2005 இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று, எடையில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேலுள்ள சுமை நான்கு கிலோ குறைகின்றது எனக் கண்டது. வளவைச் சுற்றி வருவதற்கு எத்தனை அடி வைக்கிறோம் என்று கணக்கிட்டுப் பாருங்கள். மாலைத் தேநீரில் இரண்டு கரண்டிச் சீனியைக் குறைப்பதற்கு அக்கணக்கு உதவக்கூடும்.

நோவு வந்தபின் செய்யவேண்டியவை சில. புதிதாக அடிபட்டு வீங்கிய முழங்காலுக்குக் குளிர் நல்லது. துணியிற் சுற்றிய ஐஸ்கட்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். காலையில் இறுகிக் கிடக்கும் பழைய நோவுக்கு வெப்பம் நல்லது. நொச்சியிலை ஒத்தடம் தரும் சுகம் மெய்யே. ஆனால் அது தேய்ந்த கசியிழையத்தை வளர்க்கும் என்று நம்புதல் வீண். மருந்துக் கடையிலே தாமாக டைக்குளோபெனக் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவோர் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் விலையாகக் கொடுக்கின்றனர். முழங்கால் பாதியிற் பூட்டிக்கொள்ளுதல், நடக்கும்போது திடீரென மடிந்து விழுதல், காய்ச்சலோடு கூடிய வீக்கம், காலை ஊன்ற முடியாமை, பாதம் தொங்குதல் ஆகிய ஐந்தில் எது தோன்றினும் ஒரு நாளும் தாமதியாது வைத்தியரிடம் காட்டல் வேண்டும்.

இதுவரை கூறியவை சொந்த வளவிலே தம் விருப்பப்படி வேலை செய்வோர்க்கு உரியன. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுதல் அவர்களால் இயலும். வெங்காயத் தோட்டத்திலும் மிளகாய்த் தோட்டத்திலும் நாட்கூலிக்குப் புல்லுப் பிடுங்கும் பெண்களுக்கு அஃது இயலுமா? அவர்கள் எழுந்து நின்றால் "என்ன, வேலை நடக்கவில்லையோ?" என்ற கேள்வி வரம்பிலிருந்து வரும். இத்தாலிய வைத்தியர் இரமசினி 1700 ஆம் ஆண்டிலே தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, அவர் செய்யும் தொழில் யாது என்பதையும் வைத்தியர் கேட்கவேண்டும் என அவர் அதிலே வற்புறுத்தினார். மூன்று நூற்றாண்டு கழிந்தபின் நாம் மற்றொரு கேள்வியையும் சேர்க்கலாம்: அத்தொழிலிடையே நிமிர்ந்து நிற்பதற்கு அவருக்கு அனுமதி உண்டா?

இது வெறும் இரக்கப் பேச்சன்று. அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்துக் காய்கறித் தோட்டங்களிலே கூலியாட்களுக்கு ஓரடி அளவான குட்டைக் காம்பு மண்வெட்டியே கொடுக்கப்பட்டது. நுட்பமான வேலைக்கு அதுவே ஏற்றது என்றனர் தோட்ட முதலாளிகள். நிமிர்ந்தவர் எவரோ அவர் வேலை செய்யாதவர் என்று மேற்பார்வையாளர் தொலைவிலிருந்தே கண்டுகொள்ளவும் அக்காம்பு உதவியது. நாரி முறிந்த தொழிலாளரின் நெடுங்கால வழக்கின் பயனாக, 1975 இல் அக்கருவி அம்மாநிலத்திலே தடைசெய்யப்பட்டது. அங்கே கெட்டது நாரி; இங்கே கெடுவது முழங்கால். கருவியின் நீளத்தைத் தீர்மானிப்பவர் ஒருவர், அதன் நோவைச் சுமப்பவர் வேறொருவர் என்பது இரண்டிடத்திலும் ஒன்றே. கூலிக்கு ஆட்களை அழைக்கும் வீட்டுக்காரர் நீண்ட காம்புள்ள உழவாரம் இரண்டையும், ஆளுக்கோர் ஆசனத்தையும் வரம்பிலே வைத்துவிட்டு, தேநீருக்கு முன்னும் பின்னும் எழுந்து நடக்கச் சொன்னால், அன்றைய வேலையில் ஒரு பாத்தி குறையலாம். குறையட்டும்.

ஆசனம் செய்வதற்குத் தச்சரைத் தேட வேண்டுவதில்லை. உயர்வகுப்பு மாணாக்கர் ஒரு சனிக்கிழமையிற் செய்து முடிக்கலாம். ஓரடி நீளமும் பத்தங்குல அகலமும் உள்ள பலகை ஒன்று, கால்கள் மூன்று. நான்கு கால் ஆசனம் மேடுபள்ளமான மண்ணிலே ஆடும். மூன்று கால் ஆடாது. மூன்று புள்ளிகள் எப்பொழுதும் ஒரே தளத்தில் அமையும் என்று கேத்திரகணிதத்திற் படித்ததை இங்கே இருந்து பார்க்கலாம். உயரம் ஒன்பது முதல் பன்னிரண்டு அங்குலம், இருப்பவரின் கை நிலத்தைத் தொடும் அளவுக்கு. கால்கள் சற்று வெளிப்புறமாகச் சாய்ந்திருத்தல் வேண்டும். நீர் விட்ட பாத்தியிலே காற்குற்றிகள் புதைந்துவிடும். ஆதலால் அடியிலும் மெல்லிய பலகை ஒன்றை வைத்து மூன்றையும் சேர்த்து ஆணியடித்துவிடுக.